முல்லைத்தீவில் இருந்துகொண்டே உலக சுகாதாரக் கொள்கை படிப்பது பற்றி

முல்லைமணல் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் ஒன்பது ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் இளமாணிப் பட்டத்தை வேலையோடு வேலையாகப் படித்து முடித்து இரண்டு ஆண்டுகளாகின்றன. இலண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஊடாகத் தொலைக்கல்வி முறையில் நடத்திவரும் உலக சுகாதாரக் கொள்கை முதுமாணிக் கற்கைநெறியைப் பற்றி அண்மையில் வாசித்தேன். அன்று முதல் அந்த நினைவாகவே இருக்கிறேன்.

இந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த நாட்களில், ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு முதியவரிடம், அவருடைய இரத்த அழுத்த மாத்திரை எங்களிடம் இல்லை, வெளியில்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த கிளினிக் கொப்பியை இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "இதெல்லாம் ஆர் பிள்ளை முடிவெடுக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த மாத்திரை எந்த வழியாக இந்த மேசைக்கு வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது தெரியவில்லை.

என் தயக்கங்கள் நான்கு. கட்டணம் ஸ்டெர்லிங் பவுணில் இருக்கிறது; என் சம்பளம் ரூபாயில் வருகிறது. என் ஆங்கிலம் வைத்தியசாலைக் குறிப்புகளுக்குப் போதும், நாற்பது பக்கக் கட்டுரைக்குப் போதுமா என்று தெரியவில்லை. இரவுக் கடமையும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது நேரம் எங்கிருந்து வரும் என்பது மூன்றாவது. நான்காவதுதான் மனதை அதிகம் உறுத்துகிறது: ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட படிப்பு, வன்னியில் ஒரு வாட்டில் நிற்கிற எனக்கு உண்மையில் உதவுமா? படித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

குளக்கட்டு எழுதுகிறார்:

வணக்கம் சகோதரி. நான் கிளிநொச்சியில் சுகாதாரத் திட்டமிடலோடு தொடர்புடைய வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்கிற அதே கற்கைநெறியை நான்கு ஆண்டுகளில் முடித்தேன். உங்கள் நான்காவது தயக்கத்துக்கு முதலில் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அது தீர்ந்தால் மற்ற மூன்றுக்கும் வழி தேடுகிற உறுதி தானாக வரும்.

அந்த ஐயா கேட்ட கேள்விதான் இந்தப் படிப்பின் முதற் கேள்வி. கில் வால்ட், லூசி கில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் கொள்கை முக்கோணம் என்றொரு சட்டகத்தை முன்வைத்தார்கள். ஒரு கொள்கையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்தச் சூழலில் பிறந்தது, எந்த வழிமுறையால் நடைமுறைக்கு வந்தது, அதற்குள் யார் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். முதற் பாடத்திலேயே இதைச் சந்தித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிறகு அதை நம் மருந்து அலுமாரிக்குப் பொருத்திப் பார்த்த அன்றுதான் அதன் வலு புரிந்தது.

பொருத்திப் பார்த்தால் என்ன தெரிகிறது? 1971இல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. வணிகப் பெயர்களைத் தவிர்த்து மருந்தின் பொதுப்பெயரில் வாங்குவது, நாட்டுக்குத் தேவையானதை மொத்தமாகக் கேள்விகோரி வாங்குவது என்ற எளிய இரண்டு யோசனைகளால் விலை இறங்கியது. பல்தேசியக் கம்பனிகள் எதிர்த்தன. பிபிலே 1977இல் கயானாவில் பணியிலிருந்தபோது காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இங்கே அவர் பெயரோடு பேசப்பட்ட கொள்கைக்குச் சட்ட வடிவம் கிடைக்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டது, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டன. நம் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதியாவதால், டொலர் இல்லாமற்போன வாரத்தில் ஒட்டுசுட்டான் ஐயாவின் மாத்திரையும் இல்லாமற்போனது. கொழும்பு, ஜெனீவா, மருந்துக் கம்பனிகளின் தலைமையகங்கள், கடன் கொடுத்த நாடுகள் என்று எல்லாமே உங்கள் மேசைக்கு முன்னால் அன்று நின்றுகொண்டுதான் இருந்தன.

இன்னோர் உதாரணத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனென்றால் அது நம் காட்டின் கதை. வன்னி என்றாலே மலேரியா என்றிருந்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968, 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். மறுபடி அந்தப் பதினேழை எட்டவும் கடக்கவும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை வழங்கியது. சான்றிதழின் மை காய்வதற்குள், அதே ஆண்டின் இறுதியில், இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிற அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதன்முறையாக இலங்கையில், நம் மன்னாரில், கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்று நீரிலும் தொட்டி நீரிலும் பெருகக்கூடிய நுளம்பு அது. நோயாளரே இல்லாத ஒரு நோய்க்கு ஆண்டுதோறும் பணமும் ஆளும் ஒதுக்கும்படி நிதி வழங்குவோரை எப்படி இணங்கவைப்பது? இந்தக் கேள்வியை ஒப்படையில் எழுதும்போது, மன்னாருக்குப் போய்வரக்கூடிய மாணவருக்கு இருக்கிற தெளிவு வேறு யாருக்கும் எளிதில் வராது. என் ஒப்படைகளில் நல்ல புள்ளி கிடைத்தவை எல்லாம் நான் நேரில் கண்டதிலிருந்து தொடங்கியவைதாம்.

இனி நேரம். முதுமாணிக்கு 180 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 120, சான்றிதழுக்கு 60 என்பது அங்குள்ள கணக்கு. ஒரு கிரெடிட் என்பது பத்து மணித்தியால உழைப்பு. ஆகவே 15 கிரெடிட் கொண்ட ஓர் அலகுக்கு 150 மணித்தியாலம் வேண்டும். வாரம் எட்டு மணித்தியாலம் ஒதுக்கினால் ஏறக்குறைய 19 வாரங்கள். நான் விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை படித்தேன். மாரி மழையில் இணைப்பு அறுந்துபோகும் என்பதால், ஒக்டோபர் மாதத்திலேயே பரந்தனில் ஒரு நண்பரின் கடையிலிருந்து அந்தப் பருவத்துக்கான கட்டுரைகள் அனைத்தையும் இறக்கி, கைபேசியிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்துக்கொள்வேன். மின்சாரம் இல்லாத ஒரு டிசம்பர் இரவில் கைபேசி வெளிச்சத்தில் சுகாதாரப் பொருளியல் வாசித்தது இன்றும் நினைவிருக்கிறது. மறுநாள் வேலைக்குப் போகிற பாதையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது.

பணத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. முழு முதுமாணிக்கும் ஒரேயடியாகப் பதியாதீர்கள், சான்றிதழோடு தொடங்குங்கள். அதற்கு முன், பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஆணைக்குழு தொலைக்கல்விக்கென்றே வழங்கும் புலமைப்பரிசிலைப் பாருங்கள். சொந்த நாட்டில் இருந்துகொண்டே படிப்பவர்களின் கட்டணத்தை அது ஏற்கிறது. நாடுகளின் பட்டியலும் கற்கைநெறிகளின் பட்டியலும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வெளியாகும் என்பதால் அந்த ஆண்டின் அறிவித்தலையே வாசிக்க வேண்டும்.

பாலைநிழல் எழுதுகிறார்:

மகள், நான் வவுனியாவில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன். தம்பி குளக்கட்டு எழுதியதில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆனாலும் இரண்டு விடயங்களை நீங்கள் பணம் கட்டுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது அங்கீகாரம். இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலிருந்து வெளிவாரியாகப் பட்டம் வழங்கிவருகிறது. ஆகவே தொலைக்கல்வி என்பதால் தரம் குறைவு என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமிருந்து அங்கீகாரக் கடிதம் பெறுவதும் பெரிய சிரமமாக இராது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பில் எந்த முதுமாணிக்கு எந்தப் பயன் என்று எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் செல்லும்; எழுதப்படாத துறையில் எவ்வளவு உயர்ந்த பட்டம் பெற்றாலும் பதவி உயர்வுக்கு அது உதவாமற்போகலாம். என்னோடு வேலை செய்த ஒருவர் வெளிநாட்டு முதுமாணி ஒன்றை முடித்து, தன் தனிப்பட்ட கோவையில் சேர்க்கும்படி கடிதம் கொடுத்தார். பதினான்கு மாதங்கள் மேசை மேசையாக அலைந்த பின்புதான் அது பெறப்பட்டது என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. அவர் மனம் உடைந்ததை அருகிலிருந்து பார்த்தேன். எனவே பதவி உயர்வை நம்பி இதில் இறங்க வேண்டாம். தாதியருக்கென உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உள்ள முதுமாணிகளையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, நான் தம்பியோடு வேறுபடுகிற இடம். கொள்கைக்கு முன் எண்ணிக் கணக்கெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நோய்ப்பரவலியலும் அடிப்படைப் புள்ளிவிபரவியலும் இல்லாமல் கொள்கை பேசுபவரை ஒரு கூட்டத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்டு உட்காரவைத்துவிடலாம். சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் உறுதியாகத் தெரியாத அந்த நீண்டகாலச் சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்தது. நம் வவுனியா மாவட்டத்திலும் அது இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் நீரிழப்பு என்று ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அதனதன்படி கொள்கையும் மாறுகிறது. ஒரு கிராமத்துக்கு நீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்த பின் நோய் குறைந்ததா என்பதைச் சொல்ல, கொடுக்க முன் எத்தனை பேர் என்று யாராவது எண்ணியிருக்க வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் அந்த எண்ணிக்கை பல இடங்களில் எடுக்கப்படவில்லை. அந்தக் குறை எனக்கும் உரியது, அதனால்தான் வலியுறுத்துகிறேன்.

இது நமக்கு அந்நியமான படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் என்று இன்று நாம் இயல்பாக நினைக்கிற இந்த அமைப்பே 1926இல் களுத்துறையில், அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவோடு தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. நான் முப்பது ஆண்டுகள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சுற்றிய வேலைக்கு அப்படியொரு வேர் இருக்கிறது என்பதை ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்புதான் அறிந்தேன். இளம் வயதிலேயே அறிந்திருந்தால் பல சுற்றறிக்கைகளை வேறு கண்ணோடு வாசித்திருப்பேன்.

கடலோரம் எழுதுகிறார்:

அக்கா, நான் இதே கற்கைநெறியில் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன், முல்லைத்தீவுக் கரையோரம்தான் என் ஊரும். ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை அண்ணாவும் ஐயாவும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

கடினமான சொற்கள் அகராதியில் கிடைத்துவிடும். எளிதாகத் தெரிகிற சொற்கள்தாம் என்னை வழிதவறச் செய்தன. ஈக்குவாலிட்டி, ஈக்குவிட்டி இரண்டையும் சமத்துவம் என்றே குறித்துவைத்து, முதல் ஒப்படை முழுவதையும் அந்தப் பிழையோடு எழுதினேன். ஆசிரியர் ஒரே வரியில் சுட்டிக்காட்டியிருந்தார். அப்பாவிடம் விளக்கப் போய்த்தான் எனக்கே விளங்கியது. வாய்க்காலில் எல்லா வயலுக்கும் ஒரேயளவு நேரம் தண்ணீர் திறந்தால் அது முதலாவது. வழியில் ஊறிக் குறைந்து கடைசி வயலுக்குப் போய்ச் சேராது என்பதால் அந்த வயலுக்குக் கூடுதல் நேரம் விடுவது இரண்டாவது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்த மனிதருக்கு நான் சொல்லி முடிக்க முன்பே அது விளங்கிவிட்டது. அன்றிலிருந்து இரண்டாவதை நியாயப் பங்கீடு என்று எழுதிவைத்திருக்கிறேன். கொக்கிளாயிலிருந்து வருகிற ஒரு கர்ப்பிணிக்கும் நகரத்தில் இருக்கிற கர்ப்பிணிக்கும் ஒரே எண்ணிக்கையான கிளினிக் நாட்களை வைத்துவிட்டு சமமாகச் செய்துவிட்டோம் என்று சொல்லலாமா என்ற கேள்வியும் அதிலிருந்தே வந்தது. என் இறுதி ஆய்வுக்கு அதைத்தான் எடுக்க எண்ணியிருக்கிறேன்.

வாசிக்கும்போது நான் செய்வது இதுதான். சுருக்கத்தையும் முடிவுரையையும் முதலில் வாசிப்பேன். பிறகு இதை எழுதியவர் யார், பணம் கொடுத்தவர் யார் என்று கடைசிப் பக்கத்தில் தேடுவேன். அதன்பின் நடுப்பகுதி பாதி விளங்கிவிடும். ஒப்படையின் வாதத்தை முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அது எனக்கே நேராக நிற்கிறதா என்று பார்த்த பின்னர்தான் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவேன். தமிழில் குழம்பிய வாதம் ஆங்கிலத்தில் ஒருபோதும் தெளிந்ததில்லை. ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பைப் பற்றிய அல்மா அட்டா பிரகடனத்தை இன்றே எடுத்து வாசியுங்கள். 1978இல் வெளியான அது சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாசிக்க முடிந்தால் முதல் அலகைக் கடக்க முடியும்.

முல்லைமணல் மீண்டும்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவுக் கடமையில் நோயாளர்கள் உறங்கிய பிறகு அல்மா அட்டா பிரகடனத்தை வாசித்தேன். மூன்று இடங்களில் நின்றேன், ஆனால் முடித்துவிட்டேன். மக்கள் தங்கள் சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்குபற்றுவது அவர்களின் உரிமையும் கடமையும் என்ற வரியை என் குறிப்புப் புத்தகத்தில் தமிழில் எழுதிவைத்தேன். ஒட்டுசுட்டான் ஐயாவின் கேள்வியை அதன் கீழே எழுதியிருக்கிறேன்.

பாலைநிழல் ஐயா சொன்னதை ஏற்று, முதலில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நோய்ப்பரவலியல் பாடத்தை முடித்துவிட்டு விண்ணப்பிக்க நினைக்கிறேன். எங்கள் மருந்து வழங்கும் பகுதியில் எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்பதை முறையாகத் தொகுக்க பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். ஒரு கேள்வி மீதமிருக்கிறது. புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் படிப்பால் என் நாட்டுக்கு என்ன பயன் என்று எழுதச் சொல்கிறார்கள். பெரிய மாற்றங்களை எழுத வேண்டுமா, நான் உண்மையில் செய்யக்கூடியதை மட்டும் எழுதினால் போதுமா?

குளக்கட்டு எழுதுகிறார்:

செய்யக்கூடியதையே எழுதுங்கள் சகோதரி, ஆனால் அதை முழு விபரத்தோடு எழுதுங்கள். நாட்டின் சுகாதாரத்தை மேம்படுத்துவேன் என்ற வசனத்தை அவர்கள் ஆயிரம் விண்ணப்பங்களில் வாசித்திருப்பார்கள். உங்கள் வைத்தியசாலைக்கு எந்த ஊர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள், எந்த மருந்து தீர்ந்தபோது என்ன நடந்தது, அந்தத் தொகுப்பை மாகாண மட்டத்தில் எந்தக் கூட்டத்தில் யாரிடம் வைப்பீர்கள் என்று எழுதுங்கள். உசாத்துணைக் கடிதம் தருபவரிடம் இப்போதே பேசிவையுங்கள். கடைசி வாரத்தில் அவர் விடுமுறையில் போய்விட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். பல்கலைக்கழகத்துக்கும் புலமைப்பரிசில் ஆணைக்குழுவுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். எழுதிய பின் பெயரை நீக்கிவிட்டு இங்கே இடுங்கள், நாங்கள் மூவரும் வாசித்துத் திருத்தம் சொல்கிறோம்.